டிரைவர் வைத்த ஏஞ்சலிக்கா

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. காது மந்தமானவர்கள் முன்னால் வாருங்கள், மடியில் குழந்தை வைத்திருப்பவர்கள் சுவரோரமாகச் சாய்ந்துகொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு செடியின் கதை வைத்திருக்கிறேன். செடி என்றதும் பூவும் தேனும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், கொஞ்சம் கசக்கும். ஆனால் பாதியில் எழுந்து போகக் கூடாது. போனால் யாராவது ஒருத்தியைத் திட்டிக்கொண்டே போவீர்கள். முழுசாகக் கேட்டால் யாரையும் திட்ட மனசு வராது.

கேக் கடை ஒன்றின் பின்கட்டில் பாகு அடுப்படியில் இருபத்திரண்டு வருடம் நின்ற ஒருத்தி இருந்தாள். ஊர் அவளைப் பாகுக்காரி என்றுதான் கூப்பிட்டது. சர்க்கரை கொதிக்கும் சத்தத்தை வைத்தே பதம் வந்துவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவாள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். முழங்கை வரைக்கும் சின்னச் சின்னத் தீப்புள்ளிகள். தித்திப்புக்கு நடுவிலேயே நின்று நின்று, வீட்டில் டீக்குச் சர்க்கரை போடாமல் குடிப்பவள்.

சந்தின் கடைசியில் அவள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் நான்கு எட்டு வைத்தால் சுவர் இடிக்கிற கொல்லை. அந்தக் கொல்லையில்தான் புதினா, சோம்பு, கொத்தமல்லி எல்லாம் ஒரு பாத்தியாக நின்றன. குழாயடி ஈரம் எப்போதும் காயாத மூலை ஒன்று உண்டு. சுவர் நிழல் மத்தியானத்துக்கு மேல் அங்கே விழும். அந்த மூலையில் நின்றது ஏஞ்சலிக்கா.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆள் உயரத்துக்கு மேல் போகும். தண்டு மணிக்கட்டுக் கனம், பப்பாளி இலைக் காம்பு மாதிரி உள்ளே வெறும் குழல். கிள்ளினால் சோம்பும் பச்சைப் புல்லும் கலந்த ஒரு வாசனை, கையைக் கழுவினாலும் போகாது. இளந்தண்டை வெட்டி, அவித்து, நாரை உரித்து, பாகில் போட்டு, மறுநாள் எடுத்து, பாகை இன்னும் காய்ச்சி, மறுபடி போட்டு, இப்படி நாலைந்து நாள் செய்தால் பச்சைக் கண்ணாடித் துண்டு மாதிரி ஆகும். கேக்கின் மேல் இலை போல வெட்டி வைப்பார்கள். கடைக்குத் தண்டு வேறெங்கிருந்தோ கூடையில் வரும். தன் வீட்டுச் செடியை அவள் கடைக்குக் கொடுத்ததில்லை.

செடியை வைத்தவர் அவள் புருஷன். பஸ் டிரைவர். குளிரான மேட்டு ஊர் ஒன்றுக்கு வண்டி ஓட்டுவார். அங்கே தங்கும் விடுதித் தோட்டத்தில் பார்த்து, காவல்காரரிடம் கெஞ்சி ஒரு பிடி விதை வாங்கி, ஈரக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேரே கொல்லைக்குப் போய் மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்தினார்.

"மண்ணை இழுத்து மூடுங்க" என்றாள் பாகுக்காரி.

"மூடக் கூடாது. இது வெளிச்சத்தப் பாத்துத்தான் முளைக்குமாம். இன்னொண்ணு, இந்த விதை காத்திருக்காதாம். பழுத்த கையோட போட்டுரணும். மூணு மாசம் போச்சுன்னா உள்ளயே செத்துருமாம். வெளிய பாத்தா அப்படியே இருக்குமாம், உசுரு இருக்காதாம்."

"அடேயப்பா, உங்க தங்கச்சி மாதிரி ரோஷக்காரச் செடி" என்றாள் அவள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தத் தங்கச்சி சிரித்தாள்.

பக்கத்து வீடுதான் நாத்தனாருக்கு. கல்யாணம் ஆகாதவள், துணி தைத்துப் பிழைப்பவள். ஊரில் அவளுக்கு ரேடியோ என்று பேர். அவள் காதில் விழுந்த சேதி அடுத்த தெருவுக்குப் போகும்போது ஒரு சிட்டிகை உப்பு கூடியிருக்கும். நல்ல மனசு, மூட முடியாத வாய்.

ஏஞ்சலிக்காவுக்கு ஒரு குணம் உண்டு. பூத்து விதை விட்டால் செத்துவிடும். பூமொட்டு ஒரு கைமுஷ்டி கனத்துக்கு உறைக்குள் திரண்டு வரும்போதே தண்டோடு வெட்டிவிட்டால், ஏமாந்துபோய் அடுத்த வருடமும் தழைக்கும். அப்படி வருடா வருடம் வெட்டி வெட்டி டிரைவர் அதை உயிரோடு வைத்திருந்தார். வெட்டிய தண்டை அவரும் மகளும் உப்புத் தொட்டு மென்றுகொண்டு கொல்லைப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரே மகள். வெயிலில் அந்தச் சாறு பட்டால் தோல் கொப்பளிக்கும் என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி முழுக்கைச் சட்டை போட்டுவிடுவார். அத்தைக்காரிதான் கேட்காமல் வெட்டி, மணிக்கட்டில் வளையல் மாதிரி கொப்பளம் போட்டுக்கொண்டு பத்து நாள் ஊரெல்லாம் காட்டினாள்.

மகளைக் குழாய் வேலை செய்கிற ஒரு பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த மேட்டு ஊருக்கே போனாள். முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது தங்கியது. ஏழாம் மாதம் இரத்தம் பட்டது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த மாதத்தில்தான் டிரைவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

பாகுக்காரி அழுவதற்கு முன்னால் செய்த முதல் காரியம் மருமகனுக்குப் போன் செய்தது. "அவகிட்ட சொல்லாதீங்க மாப்பிள்ளை. புள்ள பொறக்கட்டும். என் மேல சத்தியம்." மருமகன் வெலவெலத்துப்போய்ச் சரி என்றார். ரேடியோவின் வாயை எப்படி மூடினாள் என்பது தனிக் கதை. மூடினாள், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்தது. மகள் மாலையில் போன் செய்வாள். "அப்பா எங்கம்மா?" "வேற ரூட்டு வண்டிக்குப் போட்டுட்டாங்கம்மா. அங்க டவர் கிடைக்காதுல்ல." அடுத்த நாள், "தூங்குறாரு, எழுப்பட்டுமா?" "வேணாம்மா, பாவம் தூங்கட்டும்." ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பெண் குழந்தை பிறந்தது. "அப்பாகிட்ட சொல்லும்மா, பேத்தி அவரு மாதிரியே மூக்கோட வந்துருக்கான்னு." "சொல்றேம்மா."

கண்ணுகளா, அந்தச் 'சொல்றேம்மா'வைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தவள், சமையலறைத் தரையில் எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

இன்னும் ஒரு வாரம் போகட்டும், பச்சை உடம்பு என்று தள்ளினாள். அதற்குள் டிரைவரோடு வேலை பார்த்த கண்டக்டர் அந்த ஊர் பஸ் நிலையத்தில் மருமகனைப் பார்த்து, குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்து, "அவரு இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டார்.

மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். அழவில்லை. அப்பாவின் சட்டைகள் மடித்து வைத்திருந்த அலமாரியைத் திறந்து பார்த்தாள், மூடினாள்.

"நான் போன் பண்ணினப்பல்லாம் தூங்குறாருன்னியே. அப்ப நீ எதப் பாத்துக்கிட்டு அப்படிச் சொன்னே?"

"உனக்காகத்தாம்மா. டாக்டர் சொன்னாரு. உனக்கோ புள்ளைக்கோ ஏதாவது ஆயிருந்தா?"

"ஆயிருந்தா ஆயிருக்கும். அது எனக்கு நடந்ததா இருந்திருக்கும். இப்ப எங்கப்பா செத்தது உங்க எல்லாருக்கும் நடந்துச்சு. எனக்கு நடக்கவே இல்ல."

அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். அதன்பின் மூன்று வருடம் தாயிடம் ஒரு வார்த்தை இல்லை. அத்தையோடு மட்டும் பேசுவாள்.

மூன்று வருடமும் பாகுக்காரி மொட்டு வரும்போது மறக்காமல் வெட்டினாள். கடையில் விடுப்புக் கேட்டாவது வெட்டினாள். அவர் வைத்தது என்று அந்த வீட்டில் உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

நாலாவது வருடம், குளிர் விட்டு மண் இளகிய ஒரு நாள், ரேடியோ ஊசியை ரவிக்கையில் குத்தியபடியே ஓடி வந்தாள்.

"அண்ணி, கைவேலையப் போடுங்க. உங்க மக பேசினா."

"உங்கூடத்தான் தினம் பேசுறாளே."

"இது உங்களுக்கான பேச்சு. சொந்தமா வீடு புடிச்சுட்டாங்களாம். பின்னால இடம் இருக்காம். 'அத்தை, அப்பா வச்ச ஏஞ்சலிக்காவுல விதை கிடைக்குமா'ன்னு கேட்டா. 'உங்கம்மாகிட்டதான் கேக்கணும்'னேன். 'கேளுங்க'ன்னுட்டா."

பாகுக்காரி கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள்.

"கேளுங்கன்னாளா?"

"கேளுங்கன்னா. நான் உப்பு போடல, சத்தியமா."

"நாத்தா புடுங்கிக் கேட்டாளா, விதையா கேட்டாளா?"

"விதைதான். உங்களுக்குத் தெரியாததா, அந்த வேரு ஒரு முழம் கீழ போயிருக்கு. புடுங்கினா அங்கயே உசுரு போயிரும். ஆனா அண்ணி, விதை விட்டா செடி செத்துருமே."

"சாகட்டும்" என்றாள் பாகுக்காரி. அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று பின்னால் ரேடியோ சொன்னாள்.

அந்தக் கோடை அவள் கத்தியைத் தொடவில்லை. மொட்டு உறையைப் பிளந்துகொண்டு வந்தது. கொத்தமல்லிப் பூவை நூறு மடங்கு பெரிசாக்கி, பச்சையும் வெள்ளையுமாய் உருண்டை கட்டினால் எப்படி, அப்படி. சுவருக்கு மேல் தலை நீட்டி நின்றது. ஈயும் குளவியும் தேனீயும் மொய்த்துக் கொல்லையே ரீங்கரித்தது. வெயில் ஏறிய நாட்களில் இலை துவளும். கடையிலிருந்து ஓடி வந்து இரண்டு குடம் ஊற்றிவிட்டுத் திரும்ப ஓடுவாள். தண்டில் செடிப்பேன் பிடித்தபோது சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, குழந்தைக்கு உடம்பு துடைப்பது போலக் கணுக் கணுவாகத் துடைத்தாள். பாகு அடுப்பில் பாட்டு முணுமுணுத்தாள். கடை முதலாளி, "என்ன பாகுக்காரி, மாப்பிள்ளை பாக்குறாங்களா உனக்கு?" என்று கேலி செய்தார். "ஆமா, நீங்கதான் துணை மாப்பிள்ளை" என்றாள். அவள் கேலிக்குப் பதில் சொல்லி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கோடை முடிவில் விதை மஞ்சளாகிக் காய்ந்தது. ஒன்றுகூட மண்ணில் உதிரக் கூடாது என்று கடையிலிருந்து பழைய வடிதுணி கொண்டுவந்து ஒவ்வொரு பூந்தலைக்கும் பை கட்டினாள். எல்லாம் மகளுக்கு. தன் பாத்திக்கென்று நாலு விதை தூவிக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கூட வரவில்லை. அறுத்து, உதறி, ஊதி, ஒரு கேக் டப்பா நிறைய சேர்த்தாள். தட்டைத் தட்டையாய், ஓரத்தில் சிறகு வைத்த விதைகள்.

"குடுங்க, நான் கூரியர்ல போட்டுடுறேன்" என்றாள் ரேடியோ. "ரெண்டு நாள்ல போயிரும்."

"வேணாம்."

"ஏன்?"

"வந்து வாங்கிக்கச் சொல்லு."

ரேடியோ சுவரில் சாய்ந்துகொண்டாள். "அண்ணி, அது காத்திருக்காத விதை. உங்க வாயாலயே நூறு தடவை சொல்லிருக்கீங்க."

"வருவா. கேளுங்கன்னு சொன்னவ வரமாட்டாளா? விதைய அனுப்பிட்டா வேலை முடிஞ்சுது. அப்புறம் எதுக்கு அவ இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கணும்? எங்கையால குடுக்கணும். அவ கையால வாங்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

"நீங்க கேக்கறது விதைக்குப் புரியாது."

"நீ சொல்றதச் சொல்லு, போதும்."

ரேடியோ சொன்னாள். மகள், "சரி, வர்றேன்" என்றாளாம். பாகுக்காரி வீட்டுக்கு ஒட்டடை அடித்தாள். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். டப்பாவைச் சமையலறை அலமாரியில், வருகிற கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்தாள். குளிர்ப்பெட்டியில் வைத்தால் விதை இன்னும் சில மாதம் தாங்கும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. விதையைச் சேர்த்து வைக்கிற வழக்கமே அங்கே இருந்ததில்லையே.

முதல் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டாம் மாதம் மருமகனுக்குப் புதுக் கட்டடத்தில் வேலை, அவர் தங்கிவிட்டார், தனியே வர முடியவில்லை. மூன்றாம் மாதம் மழை. மேட்டு ஊர்ச் சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது.

"இப்பவாவது அனுப்பிடலாம் அண்ணி."

"மழை விட்டதும் வந்துருவா."

கொல்லையில் ஏஞ்சலிக்கா கறுத்து, குழல் குழலாய் முறிந்து விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேரைத் தோண்டினாள். உள்ளே அழுகிப்போய், பிடித்தால் பிசுபிசுவென்று வந்தது. குழியைத் தூர்க்காமல் விட்டாள்.

குளிர் நன்றாக இறங்கிய பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. ஒரு தட்டில் ஈரத்துணி விரித்து, டப்பாவிலிருந்து ஒரு கரண்டி விதையை எடுத்துப் பரப்பி, ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்தாள். காய விடாமல் தெளித்தாள். வேலைக்குப் போகுமுன் பார்ப்பாள், வந்ததும் பார்ப்பாள். ஐந்து வாரம் பார்த்தாள். விதையின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்தது. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

ரேடியோ வந்து தட்டை எட்டிப் பார்த்தாள். மெதுவாக, "சொல்லிடுங்க அண்ணி. வர்றதுக்கு முந்தி சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா வருவாளா?"

பாகுக்காரி தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மண் மறுபடி இளகும் நேரத்தில் மகள் வந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை, ஒரு காலை நேரத்தில் வாசலில் நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதாகப் போகிற ஒரு சிறுமி. டிரைவரின் மூக்கு.

"இவங்க யாரும்மா?" என்றது குழந்தை.

"அம்மாவோட அம்மா" என்றாள் மகள்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பாகுக்காரி டீ போட்டாள். குழந்தைக்குக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த, பாகில் ஊறிய பச்சைத் தண்டில் ஒரு துண்டு கொடுத்தாள். அது சப்பிப் பார்த்துவிட்டு, "சோப்பு மாதிரி இருக்கு" என்றது. மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அறையே லேசாகிவிட்டது.

"உங்க தாத்தாவுக்கு இதுன்னா உசுரு" என்றாள் மகள் குழந்தையிடம். பிறகு தலையைத் தூக்காமலே, "எளச்சுட்டேம்மா நீ" என்றாள்.

நாலு வருடத்தில் முதல் 'அம்மா'. பாகுக்காரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, அணைந்திருந்த அடுப்பை அணைத்தாள்.

மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். மகள் கொல்லைக்குப் போய்க் குழியைப் பார்த்தாள். "இங்கதானே?" "இங்கதான்." அவள் குனிந்து அந்த மண்ணில் ஒரு கை எடுத்துத் தாளில் மடித்துக்கொண்டாள். "அங்க தொட்டியில முதல்ல இந்த மண்ணப் போடுறேன். அப்புறம் விதை. இவ தினமும் தண்ணி ஊத்துறேன்னு இப்பவே சொல்லிட்டா. அப்பாவோட செடின்னு ஒண்ணு என் வீட்லயும் இருக்கும்மா. எனக்கு அது போதும். எனக்குப் பாக்கறதுக்கு ஒண்ணு வேணும்."

"ம்."

"முளைக்கும்ல?"

பாகுக்காரி மகளின் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தது உண்மை. அந்த முகம் கதவு போல மூடுவதை அவள் ஒரு தரம் பார்த்திருக்கிறாள்.

"முளைக்கும்" என்றாள். "நேரமாகும். பொறுமை வேணும்."

சாயங்கால பஸ்ஸுக்குப் போனார்கள். டப்பாவை மகள் மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே குழந்தை கை ஆட்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பாகுக்காரியின் போன் அடித்தது. அத்தைக்கு இல்லை, அவளுக்கே. "தூவிட்டேம்மா. மேல மண்ணு போடலாமா?" "போடாதே, போடாதே. வெளிச்சம் படணும். கையால அழுத்தி விடு, போதும்." அதற்கடுத்த ஞாயிறு: "இன்னும் ஒண்ணும் காணலம்மா." "குளிர் இருக்குல்ல, மெதுவாத்தான் வரும். காய விடாதே." அதற்கடுத்தது: "இவ குடையப் புடிச்சுக்கிட்டு நிக்குறா, மழைத்துளி விழுந்தா விதைக்கு வலிக்குமாம்." இரண்டு பேரும் சிரித்தார்கள். பேச்சு விதையிலிருந்து குழந்தைக்குப் போனது, மருமகனின் முதுகுவலிக்குப் போனது, பாகு அடுப்புக்குப் போனது. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். ஞாயிறு காலை பாகுக்காரி குளித்து, தலை சீவி, போனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள்.

"எத்தன ஞாயிறு ஓட்டுவீங்க?" என்றாள் ரேடியோ ஒரு நாள்.

"ஓடுற வரைக்கும்."

"அண்ணி, நான் அண்ணன் விஷயத்துல வாய மூடினேன். அது என் தொண்டையில இன்னும் நிக்குது. மறுபடியும் மூடச் சொல்லாதீங்க."

"மூடுன்னு நான் சொல்லலையே."

"திறன்னும் சொல்லலையே."

எட்டு ஞாயிறு ஓடியது. ஒன்பதாவது வாரத்தின் நடுவில் மகள் அத்தைக்குப் போன் செய்து அழுதாள். எனக்குக் கை ராசியில்லை அத்தை, அப்பாவோட செடியக்கூட என்னால வளர்க்க முடியல, நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் என்று. ரேடியோவால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "உன் தப்பு இல்லடி கண்ணு. உங்கம்மா ஈரத்துணில போட்டுப் பாத்தா, அப்பவே ஒண்ணும் முளைக்கல. நீ மனச விடாதே" என்று சொல்லிவிட்டாள். ஆறுதல் என்றுதான் நினைத்தாள், பாவி.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"எப்போ போட்டுப் பாத்தே?" என்றாள் மகள். வேறு முகமன் எதுவும் இல்லை.

பாகுக்காரிக்குப் புரிந்துவிட்டது. "குளிர்ல."

"நான் வர்றதுக்கு முந்தி."

"முந்தி."

"முளைக்குமான்னு உன்னக் கேட்டேன்."

"நீ வந்திருந்தே. நாலு வருஷம் கழிச்சு வந்திருந்தே. சிரிச்சே. அந்த நேரத்துல நான் எப்படிம்மா..."

"அப்பா செத்தப்பவும் இப்படித்தான் ஒரு காரணம் சொன்னே. எனக்காகத்தான்னு." மகளின் குரல் உயரவே இல்லை. "எட்டு வாரமா என்ன ஒரு செத்த தொட்டிக்கு முன்னால உக்கார வச்சுட்டியேம்மா. தூங்குறாரு, எழுப்பட்டுமான்னு கேட்ட மாதிரியே. காய விடாதே, பொறுமையா இருன்னு."

"உன் குரலக் கேக்கணும்னு ஆசைம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"தெரியும். அதான் எனக்குக் கோவமே வரமாட்டேங்குது. கோவம் வந்திருந்தாப் பரவால்ல."

"இவகிட்ட நேத்து சொல்லிட்டேன்" என்றாள் மகள். "விதை செத்துப் போச்சு, இனிமே முளைக்காதுன்னு. அழுதா. ரொம்ப அழுதா. அப்புறம் சாப்பிட்டா. அவ்வளவுதாம்மா. அவ்வளவுதான் அது" என்றாள்.

போன் வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை பாகுக்காரி வேலைக்குப் போனாள். பாகு பதம் தப்பி கருகியது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தரம். வீட்டுக்கு வந்ததும் ரேடியோ சுவரோரம் நின்று, "அடிச்சாவது போடுங்க அண்ணி" என்றாள். "உன்ன எதுக்கு அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பகை இல்லை. பேச்சும் இல்லை.

அடுத்த ஞாயிறு குளித்து, தலை சீவி, போனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் உட்கார்ந்தாள். வெயில் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. மூன்றாவது ஞாயிறு, இத்தனை நாளில் இல்லாத தைரியம் எங்கிருந்தோ வந்து, அவளே எண்ணை அழுத்தினாள். வெகுநேரம் அடித்தது. எடுத்தது குழந்தை.

"யாரு?"

"நாந்தாம்மா. உங்கம்மாவோட அம்மா. உங்கம்மா இருக்காளா?"

போனைக் கீழே வைக்கிற சத்தம். சின்னக் கால்கள் ஓடும் சத்தம். தூரத்தில் ஏதோ பேச்சு. கால்கள் திரும்பி வந்தன.

"வீட்லதான் இருக்காங்க" என்றது குழந்தை தெளிவாக. "உங்ககிட்டப் பேச மாட்டாங்களாம்."

"சரிம்மா."

"தொட்டியில இப்ப கொத்தமல்லி போட்டுருக்கோம். அது வந்துருச்சு."

"வந்துருச்சா. நல்லதும்மா."

"ம். வச்சிடட்டுமா?"

"வச்சிடும்மா" என்றாள் பாகுக்காரி. குழந்தைக்கு வைக்கத் தெரியவில்லை. அந்த வீட்டின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாத்திரம் உருளும் சத்தம், மருமகன் இருமுவது, மகள் யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது. பாகுக்காரி காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் யாரோ வந்து பார்த்து அணைத்தார்கள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து கால் நீட்டிக்கொள்ளுங்கள், தூங்கிப்போன குழந்தையை மெதுவாகத் தூக்குங்கள். உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய சேதி, நல்லதோ கெட்டதோ, சூடு ஆறாமல் வந்து சேரட்டும். சொல்ல வேண்டியவருக்கு வாய் வரட்டும், கேட்க வேண்டியவருக்கு நெஞ்சு தாங்கட்டும். நீங்கள் கூப்பிட்டால் எடுக்க ஆள் இருக்கட்டும், எடுத்தவர்கள் உங்களோடு பேசட்டும். நன்றாக இருங்கள், குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.